மியூஸ்ஸ்கோரில் இரண்டாவது சி-க்கு ஷார்ப் குறி விழாதது ஏன்?

கிளிநொச்சியில் தேவாலயப் பாடகர் குழுவுக்காக டி மைனரில் ஒரு கீதத்தை மியூஸ்ஸ்கோர் என்ற இசைக்குறியீட்டு மென்பொருளில் எழுதும் நீங்கள், ஒரே பாரில் (இரு குத்துக்கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதியில்) வரும் இரண்டாவது சி ஷார்ப்புக்கு (அரைப்படி உயர்த்திய சி) ஷார்ப் குறி விழவில்லை என்றும், சில இடங்களில் அது டி பிளாட்டாக (அரைப்படி தாழ்த்திய டி) மாறிவிடுகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலாவது பிழையல்ல. ஒரு சுரத்துக்கு இட்ட குறி, பார் முடியும் குத்துக்கோடு வரை, அதே கோட்டில் அல்லது அதே இடைவெளியில் வரும் எல்லாச் சுரங்களுக்கும் செல்லும்; ஆகவே மென்பொருள் அதை மீண்டும் அச்சிடுவதில்லை. ஆனால் மேல் ஸ்தாயி சி-க்கு அது செல்லாது, அங்கே தனியாக இடவேண்டும். அடுத்த பாரில் சாதாரண சி வந்தால் விதிப்படி குறி தேவையில்லை. என்றாலும், மங்கிய போட்டோக்கொப்பியைப் பார்த்துப் பாடும் பிள்ளைகள் முந்தைய ஷார்ப்பையே தொடரக்கூடும் என்பதால், அந்தச் சுரத்தைத் தெரிவுசெய்து ஷார்ப்பை நீக்கும் நாச்சுரல் குறியை இட்டு வெளிப்படையாகக் காட்டுவதையே நான் விரும்புவேன்.

இரண்டாவது, அம்புக்குறி விசையால் வருவது. டி-யைத் தெரிவுசெய்து கீழ் அம்பை அழுத்தினால் சுரம் அரைப்படி இறங்கும்; இறக்கத்துக்கு மென்பொருள் பிளாட்டையே எழுதும். பியானோக் கீபோர்டில் டி பிளாட்டும் சி ஷார்ப்பும் ஒரே கட்டைதான். ஆனால் டி மைனரில் ஏழாம் சுரம் உயர்ந்து டி-யை நோக்கிச் செல்வதால், அது சி ஷார்ப் என்றே எழுதப்படவேண்டும். சுரத்தைத் தெரிவுசெய்து ஜே விசையை, தேவையானால் மீண்டும் ஒருமுறை, அழுத்துங்கள்: ஒலி மாறாமல் எழுத்து மட்டும் மாறும். புதிதாகச் சுரம் இடும்போதே கூட்டல் விசையை அழுத்திவிட்டுச் சி-யை அழுத்தினால் இந்தச் சிக்கலே வராது.