வலை ஏபிஐ வழியாகத் தரவுத்தள அட்டவணைகளை உருவாக்கவும் மாற்றவும் பயனரை அனுமதிக்கலாமா?

பயனர்கள் தாங்களே அட்டவணை உருவாக்கவும், நெடுவரிசை சேர்க்கவும், நீக்கவும் ஓர் ஏபிஐ எழுதுவதாகவும், எதில் கவனம் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பயனருக்குத் தேவை சில கூடுதல் புலங்கள் மட்டுமே என்றால், பல புலங்களை ஒன்றாக வைத்துக்கொள்ளும் ஜேசன்பி வகை நெடுவரிசை ஒன்றே போதும்; அட்டவணையைத் தொடவே வேண்டாம். அது போதாது என்றால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் தரவை மாற்றும் கோரிக்கையையும் அட்டவணையின் அமைப்பை மாற்றும் கோரிக்கையையும் ஒரே மாதிரி கையாளாதீர்கள்.

முதல் காரணம் பூட்டு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், அட்டவணையின் அமைப்பை மாற்றும் ‘ஆல்டர் டேபிள்’ கட்டளைகளில் பெரும்பாலானவை அட்டவணை முழுவதையும் தமக்கே பூட்டிக்கொள்ளும். யாரோ ஒருவருடைய நீண்ட வினவல் அதே அட்டவணையை அப்போது படித்துக்கொண்டிருந்தால், உங்கள் கட்டளை அது முடியும்வரை காத்திருக்கும். அதற்குப் பின் வருகிற, தரவைப் படிக்க மட்டும் செய்யும் சாதாரண ‘செலக்ட்’ வினவல்களும் உங்கள் கட்டளைக்குப் பின்னால் வரிசையில் நின்றுவிடும். 2018இல் வந்த 11ஆம் பதிப்பு முதல், மாறிலியை இயல்பு மதிப்பாகக் கொண்ட நெடுவரிசையைச் சேர்க்க அட்டவணையைத் திருப்பி எழுத வேண்டியதில்லை என்பதால், நொடிப்பொழுதில் முடியவேண்டிய வேலைதான் இப்படி மொத்தச் சேவையையும் நிறுத்திவைக்கிறது. ஆகவே பூட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தைச் சில நொடிகளுக்குள் கட்டுப்படுத்தி, கிடைக்காவிட்டால் சற்று இடைவெளி விட்டு மீண்டும் முயலுங்கள். முழு எண் நெடுவரிசையைப் பெரிய முழு எண்ணாக மாற்றுவது போன்றவை இன்றும் அட்டவணையையே திருப்பி எழுதுபவை; அவற்றுக்கு உடனே 202 (கோரிக்கை ஏற்கப்பட்டது, வேலை இன்னும் முடியவில்லை) என்று பதிலளித்து, பணி எண் ஒன்றைக் கொடுத்து, நிலையைப் பின்னர் கேட்டறியச் சொல்வதே சரி.

அடுத்தது பெயர். வினவலில் மதிப்புகளைத்தான் அளவுருவாக, அதாவது கட்டளையின் உரையிலிருந்து பிரித்து, அனுப்ப முடியும். அட்டவணைப் பெயரை அப்படி அனுப்ப முடியாது என்பதால், பலர் அதைக் கட்டளையின் சரத்தோடு ஒட்டி, பயனர் தன் கட்டளையை உள்ளே நுழைக்கும் ஊடுருவலுக்கு வழி திறந்துவிடுகிறார்கள். பெயரை மேற்கோளுக்குள் இட்டு அதைத் தடுத்தாலும் நீள வரம்பு இருக்கிறது. போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு பெயருக்கு 63 பைட்டுகள்; யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள். ‘வாடிக்கையாளர்_விலைப்பட்டியல்’ என்பதே 82 பைட்டுகள் ஆகிவிடும். அது ‘வாடிக்கையாளர்_விலைப்ப’ என்று வெட்டப்படும், பிழை எதுவும் எழாது, வெறும் அறிவிப்புதான் வரும். ஆகவே உள்பெயரை நீங்களே உருவாக்கி, பயனர் வைத்த பெயரைத் தனி அட்டவணையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே கோரிக்கையில் பல மாற்றங்கள் வந்தால், போஸ்ட்கிரெஸ்ஸில் அவற்றை ஒரே பரிவர்த்தனைக்குள் (எல்லாம் நிறைவேறும் அல்லது எதுவும் நிறைவேறாத தொகுப்புக்குள்) வைத்துத் தேவைப்பட்டால் திரும்பப் பெறலாம். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் அத்தகைய கட்டளை ஒவ்வொன்றும் தானாகவே உறுதிசெய்யப்பட்டுவிடும் என்பதால், பாதியில் நின்ற நிலையைச் சமாளிக்கும் நிரலை நீங்கள்தான் எழுத வேண்டும்.

தரவைப் படித்து எழுதும் தரவுத்தளக் கணக்கு, அட்டவணையின் உரிமையாளராக இருக்கக் கூடாது. நீக்கக் கோரிக்கை வந்ததும் உடனே ‘ட்ராப்’ கட்டளையால் அழிக்காமல், அட்டவணையை வேறொரு ஸ்கீமாவுக்கு (தரவுத்தளத்துக்குள் உள்ள தனிப் பிரிவுக்கு) நகர்த்திவிட்டு, குறிப்பிட்ட காலம் கழித்து அழியுங்கள்; அதைச் சார்ந்த வியூக்கள் (சேமித்துவைத்த வினவல்கள்) இருந்தால் ‘கேஸ்கேட்’ போட்டு அவற்றையும் சேர்த்து அழிக்காமல், அவற்றின் பெயர்களோடு 409 (முரண்பாடு) என்று திருப்பி அனுப்புங்கள்.