மெயின் ரோடா, உள் தெருவா?

கேள்வி: குழந்தைகளுக்கான ரெடிமேட் துணிக்கடை தொடங்கப் போகிறேன். மெயின் ரோட்டில் சின்ன இடம் ஒன்று கிடைக்கிறது. பாதி வாடகையில், உள் தெருவில் அதைப்போல் இரண்டு மடங்கு இடமும் கிடைக்கிறது. முதலீடு முழுக்க என் சேமிப்புதான். எதை எடுக்கலாம்? உள்ளே எப்படி அமைக்கலாம்?

பதில்: வாடகைத் தொகையை அப்படியே பார்க்காமல், அதை பில் எண்ணிக்கையாக மாற்றிப் பாருங்கள். இரண்டு வாடகைக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் சராசரி பில்லைப்போல் 30 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். விற்பனையில் 25 சதவீதம் மொத்த லாபமாக (விற்ற விலையில் சரக்கு வாங்கிய விலை போக மிஞ்சுவது) நின்றால், அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட மாதம் 120 பில் கூடுதலாகப் போட வேண்டும். நாளைக்கு 4 பில். உங்கள் கணக்கில் இது 4 வருகிறதா, 15 வருகிறதா என்பதில்தான் முடிவே இருக்கிறது.

அப்புறம் இரண்டு வாசலிலும் நின்று எண்ணுங்கள். வேலை நாள் மாலை ஒன்று, விடுமுறை நாள் ஒன்று. பஸ் பிடிக்க ஓடுபவர்களை விட்டுவிடுங்கள். குழந்தையோடு, கையில் பையோடு நிதானமாக நடப்பவர்களை மட்டும் எண்ணுங்கள். வண்டியை நிறுத்த இடமில்லாத ரோட்டில் எத்தனை வண்டி போனாலும் பயனில்லை. பக்கத்தில் வேறு துணிக்கடை இருந்தால் பயப்படாதீர்கள். துணி வாங்குபவர்கள் நாலு கடை ஏறித்தான் வாங்குவார்கள்.

பெரிய இடம் எனக்குக் கவலை தருகிறது. அலமாரி காலியாகத் தெரியக்கூடாது என்று சரக்கை வாங்கிக் குவிப்பீர்கள். குழந்தைத் துணியில் ஒவ்வொரு டிசைனுக்கும் ஏழெட்டு சைஸ். நடு சைஸ்கள் போய்விடும், ஓரத்து சைஸ்கள் தங்கிவிடும். உங்கள் சேமிப்பு அங்கேதான் முடங்கும். மெயின் ரோட்டில் எண்ணிய கூட்டம் அந்தக் கூடுதல் பில்களைத் தரும் என்று தோன்றினால் சின்ன இடத்தையே எடுங்கள்.

உள்ளமைப்பில், வாசலை ஒட்டிய முதல் சில அடிகளில் முக்கியமான சரக்கை வைக்காதீர்கள். உள்ளே வருபவர் கண் பழகுவதற்குள் அதைத் தாண்டிவிடுவார். குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் ஒருவர் குனிந்து துணி பார்க்கும்போது, பின்னால் இன்னொருவர் இடிக்காமல் போகும் அகலம் நடைபாதைக்கு வேண்டும். பில் மேசையிலிருந்து வாசலும் டிரையல் ரூம் கதவும் தெரியட்டும். சுவரோடு பொருத்தும் மர வேலையைக் குறைத்து, கழற்றி எடுத்துப் போகக்கூடிய ஸ்டாண்டுகளை வாங்குங்கள்.

ஆறு மாத வாடகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியில் சரக்கு வாங்குங்கள். குறைந்தது மூன்று வருடம் காலி செய்யச் சொல்ல மாட்டார்கள், வாடகை வருடத்துக்கு இத்தனை சதவீதம்தான் ஏறும் என்ற இரண்டும் ஒப்பந்தத்தில் எழுத்தில் வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.