எனக்கு நாலரை கிலோ ஏறிவிட்டது, குழந்தை அரை கிலோகூட இல்லையே?

கேள்வி: எனக்கு வயது 26. தலைச்சன் பிரசவம். டாக்டர் 22 வாரம் என்கிறார், மாமியார் ஆறாம் மாதம் நடக்கிறது என்கிறார், நான் விரல்விட்டு எண்ணினால் ஐந்துதான் வருகிறது. ஸ்கேனில் குழந்தை 450 கிராம் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். நானோ 48 கிலோவிலிருந்து 52.5 கிலோவுக்கு வந்துவிட்டேன். மீதி எடையெல்லாம் வெறும் கொழுப்பா? ஆனால், பார்ப்பவர்கள் எல்லோரும் ‘வயிறே தெரியவில்லையே’ என்று கேட்கிறார்கள். ஹீமோகுளோபின் 12.1 இருந்தது 10.6 ஆகிவிட்டது. இத்தனைக்கும் காலையில் காபி குடித்த கையோடு இரும்புச்சத்து, கால்சியம் இரண்டு மாத்திரைகளையும் ஒருநாள்கூடத் தவறாமல் போட்டுக்கொள்கிறேன். சில நாள் வயிற்றில் மீன் துள்ளுவதுபோல் இருக்கிறது, சில நாள் ஒன்றுமே தெரியவில்லை. ஜவுளிக்கடையில் வேலை, மாலையில் கால் வீங்கிவிடுகிறது. எனக்கு ஏதாவது கோளாறா?

பதில்: கோளாறு எதுவும் தெரியவில்லை. திருத்திக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது, அது அந்தக் காபியில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மாதக் கணக்கு. மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். அதன்படி முழுக் கர்ப்பம் 280 நாள், அதாவது 40 வாரம். இதை நான்கு வாரம் ஒரு மாதம் என்று வகுத்தால் சரியாகப் பத்து வருகிறது. ‘பத்து மாதம் சுமந்து பெற்றேன்’ என்று நம் வீடுகளில் சொல்வது இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்திப்போகிறது. 22 வாரம் என்றால் ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. உங்கள் மாமியார் சொன்னதுதான் சரி. காலண்டர் மாதத்துக்கு 30, 31 நாள் இருப்பதால்தான் உங்கள் விரல் கணக்கு பின்தங்கிவிட்டது. இன்னொன்று, இந்த 22 வாரத்தில் முதல் இரண்டு வாரம் கரு உருவாகவே இல்லை. ஆகவே ஸ்கேனில் நீங்கள் பார்த்த குழந்தைக்கு உண்மையில் 20 வார வயதுதான்.

இனி அந்த நாலரை கிலோ. கர்ப்பத்தின் முதல் பாதியில் வேகமாக மாறுவது தாயின் உடல்தான். குழந்தை அப்போது உருவாகிக்கொண்டிருக்கும், பெரிதாக எடை போடாது. வீட்டைக் கட்டி, தண்ணீர்த் தொட்டியை ஏற்றி, அரிசி மூட்டையை அடுக்கிவைத்த பிறகுதான் உள்ளே இருப்பவர் வளர ஆரம்பிக்கிறார். உங்கள் எடையைப் பிரித்துப் பார்ப்போம். உங்கள் நிலையில் இருக்கும் பெண்ணுக்கு உத்தேசமாக இப்படி இருக்கும்: குழந்தை 450 கிராம், நச்சுக்கொடி 200 கிராம், பனிக்குடநீர் 400 கிராம், கருப்பையின் தசை கூடியது 400 கிராம், மார்பகங்கள் 200 கிராம், புதிதாக ஊறிய இரத்தம் 700 கிராம். இதுவே கிட்டத்தட்ட 2.3 கிலோ ஆகிவிட்டது. மீதமுள்ள இரண்டு கிலோ சொச்சம் பெரும்பாலும் கொழுப்புதான், ஆனால் அதை ‘வெறும்’ என்று சொல்லாதீர்கள். கடைசி மூன்று மாதங்களில் குழந்தை உங்களிடமிருந்து அள்ளி எடுக்கப்போகும்போதும், பிறகு தாய்ப்பால் கொடுக்கும்போதும் செலவழிப்பதற்காக உடல் தானாகவே இடுப்பிலும் தொடையிலும் வைத்திருக்கும் சேமிப்பு அது.

கணக்கு இதற்கு மேல்தான் தலைகீழாக மாறும். 32 வாரத்தில் குழந்தை சுமார் 1.7 கிலோ இருக்கும். நிறைமாதத்தில் மூன்று கிலோவை ஒட்டி வரும். அதாவது பிறக்கும்போது இருக்கும் எடையில் பாதிக்கு மேல் கடைசிப் பத்து வாரத்தில் சேர்வது. அதனால் இப்போது 450 கிராம் என்பதைப் பார்த்து ‘வளர்ச்சி போதவில்லை’ என்று பயப்பட வேண்டாம். 22 வாரத்துக்கு அது சரியான எடை.

நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், உங்கள் உடல் இந்த வேலையை எப்போது தொடங்கியது தெரியுமா? மசக்கையில் வாந்தியெடுத்துக்கொண்டு, வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் விஷயமே தெரியாமல் இருந்த அந்த நாட்களில். 12 வாரத்தில் குழந்தையின் எடை மூன்று தேக்கரண்டி சர்க்கரை அளவுதான் இருந்திருக்கும். ஆனால் அதற்குள்ளேயே உங்கள் இதயம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இரத்தத்தை இறைக்கத் தொடங்கிவிட்டது. சிறுநீரகங்கள் முன்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இரத்தத்தை வடிகட்டின. வயிறு தெரிவதற்கு முன்பே அடிக்கடி சிறுநீர் கழிக்க ஓடினீர்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம். குழந்தையின் பக்கமும் அப்படித்தான். மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் மூடிக்கொள்வது ஆறாம் வாரத்தில், அதாவது நாள் தள்ளிப்போய் இரண்டே வாரத்தில். ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்வது அதனால்தான். பெரும்பாலானோர் எங்களிடம் வருவதற்குள் அந்தக் குழாய் மூடிவிட்டிருக்கும். ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லாம் சரியாக இருப்பதாக உங்களுக்குச் சொல்லிவிட்டார்கள் என்றால் இதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். அடுத்த பிள்ளைக்கு நினைவில் இருக்கட்டும்.

வயிறு தெரியவில்லை என்பவர்களுக்கு நீங்களே பதில் சொல்லலாம். சிறுநீர் கழித்துவிட்டு மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். தொப்புளுக்கு மேலே விரல்களைப் படுக்கவைத்து மெதுவாக அழுத்தினால் உருண்டையான, கெட்டியான ஒரு விளிம்பு தட்டுப்படும். அதுதான் கருப்பையின் மேல் எல்லை. 12 வாரத்தில் அது அடிவயிற்று எலும்புக்குச் சற்று மேலே இருக்கும், 20 வாரத்தில் தொப்புளுக்கு வரும், 36 வாரத்தில் நெஞ்செலும்பின் நுனியைத் தொடும். உங்களுக்கு இப்போது தொப்புளுக்கு ஒன்றிரண்டு விரல் மேலே இருக்க வேண்டும். தலைச்சன் பிள்ளைக்காரிகளுக்கு வயிற்றுத் தசை இறுக்கமாக இருப்பதால் வெளியே தள்ளிக்கொண்டு தெரியாது. கொஞ்சம் உயரமானவர் என்றால் கேட்கவே வேண்டாம். 24 வாரத்துக்குப் பிறகு நாங்கள் நாடாவை வைத்து அளப்போம். எத்தனை வாரமோ ஏறக்குறைய அத்தனை செ.மீ. இருக்கும், இரண்டு முன்னே பின்னே போகலாம். பக்கத்து வீட்டுப் பாட்டியின் கண் அளவைவிட அந்த நாடாவை நம்புங்கள். வயிறு எப்படி இருந்தால் ஆண், எப்படி இருந்தால் பெண் என்ற ஆரூடமும் கூடவே வரும், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். குங்குமப்பூவும் அப்படித்தான். பாலில் போட்டால் பால்தான் நிறம் மாறும்.

இப்போது ஹீமோகுளோபின். கர்ப்பத்தில் இரத்தத்தின் மொத்த அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. இதில் நீர்ப்பகுதி வேகமாகவும், சிவப்பணுக்கள் மெதுவாகவும் கூடுகின்றன. புளிக்கரைசலில் இன்னும் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டால் புளியின் அளவு குறையாது, புளிப்பு குறையும். அதேபோலத்தான் இதுவும். ஐந்து, ஆறு, ஏழாம் மாதங்களில் எண்ணிக்கை கொஞ்சம் இறங்குவது எல்லோருக்கும் நடப்பது. அதற்காக 10.6 போதும் என்று நான் சொல்லமாட்டேன். நம் அரசுத் திட்டத்தில் 11-க்குக் கீழே போனாலே இரத்தசோகை என்றுதான் கணக்கு. 10 முதல் 10.9 வரை லேசானது. உங்களுடையதில் ஒரு பங்கு தண்ணீர் கலந்ததால் வந்தது, இன்னொரு பங்கு காபியால் வந்ததாக இருக்கலாம்.

காபி, டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியமும் இரும்பு உள்ளே போவதைத் தடுக்கும். நீங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டு, முன்னால் காபியையும் குடித்திருக்கிறீர்கள். தவறாமல் மாத்திரை போட்டும் பாதிகூட இரத்தத்தில் சேர்ந்திருக்காது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்க்கிறேன், ‘மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை’ என்று வருபவர்களிடம் எந்த மாத்திரை என்று கேட்பதைவிட, எதனோடு என்று கேட்பதுதான் அதிகம் உதவுகிறது. இன்றிலிருந்து இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: கால்சியத்தைச் சாப்பாட்டோடு, மதியம் ஒன்று, தேவையானால் காலையில் ஒன்று. இரும்பை இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாறு பிழிந்த தண்ணீரோடு. பாலோ காபியோ அந்த நேரத்தில் வேண்டாம். மலம் கறுத்துப் போனால் பயப்படாதீர்கள், இரும்பு மாத்திரை போட்டால் அப்படித்தான் ஆகும். மாத்திரையை இரண்டாக்க வேண்டுமா என்பதை நீங்களாக முடிவு செய்யாமல், உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள். இந்த அளவுக்கு அவர்கள் இரண்டாக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு மாதம் கழித்து மறுபடி இரத்தம் பார்த்தால் தெரிந்துவிடும்.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ‘இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு’ என்று யாராவது தட்டை நிரப்பியிருப்பார்கள். கர்ப்பிணிக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது நாளொன்றுக்கு 350 கலோரிதான். ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அவ்வளவுதான். கூடுதல் சோறு வேண்டியதில்லை.

குழந்தையின் அசைவு. 22 வாரத்தில் ஒரு நாள் துள்ளுவதும் மறுநாள் அடங்கியிருப்பதும் இயல்பு. குழந்தை உள்ளே அசைந்துகொண்டுதான் இருக்கிறது, அரைக் கிலோ உடம்பின் உதை எல்லா நேரமும் உங்களை வந்து எட்டுவதில்லை. நச்சுக்கொடி கருப்பையின் முன்பக்கச் சுவரில் இருந்தால் மெத்தைக்கு அந்தப்பக்கம் தட்டுவதுபோல மங்கலாகத்தான் தெரியும். ஸ்கேன் தாளை எடுத்துப் பாருங்கள், அது எங்கே இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். இப்போது எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். ஆனால் 28 வாரம் ஆனதும் விஷயம் மாறுகிறது. உங்கள் குழந்தைக்கென்று ஒரு வழக்கம் வந்துவிடும். சிலது நீங்கள் படுக்கும்போதுதான் ஆட்டம் போடும். அந்த வழக்கம் குறைந்தால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்துக் கவனியுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு தெரியவில்லை என்றால், அல்லது மனதுக்குச் சரியாகப் படவில்லை என்றால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இரவு என்றால் இரவிலேயே. ‘பிரசவம் நெருங்கினால் குழந்தை அசையாது’ என்று சொல்வார்கள், அது பொய். இடம் குறைவதால் உதையின் விதம் மாறும், எண்ணிக்கை குறையக் கூடாது.

ஏழாம் மாதத்தில் வளைகாப்பு வைப்பார்கள். குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்குவது 25 வாரத்தை ஒட்டித்தான், ஆகவே வளையல் போடும் நேரம் பொருத்தமான நேரம். ஆனால் வயிற்றுச் சுவரையும் நீரையும் தாண்டி மெல்லிய கிணுகிணுப்பு அதிகம் போகாது. உடலின் வழியாகவே இறங்கிச் செல்லும் உங்கள் குரல்தான் அதற்கு நன்றாகக் கேட்கும்.

வளைகாப்புக்கு முன்னால், 24 முதல் 28 வாரத்துக்குள், ஒரு சர்க்கரைப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் போனால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். முதல் மாதங்களில் பார்த்தபோது சரியாக இருந்ததே என்று விட்டுவிடக் கூடாது. நச்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இந்தக் காலத்தில்தான் உங்கள் இன்சுலினின் வேலையைத் தடுத்து, குழந்தைக்காகச் சர்க்கரையை இரத்தத்தில் நிறுத்திவைக்கின்றன. சிலருடைய உடல் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் போய்விடும்.

கடைசியாகக் கால் வீக்கம். கருப்பை கனக்கக் கனக்கக் காலிலிருந்து மேலே திரும்பும் இரத்தம் தாமதப்படும். நாள் முழுக்க நின்றால் கணுக்கால் வீங்கி, இரவில் படுத்து எழுந்தால் வடிந்துவிடும். அப்படியானால் கவலையில்லை. காலையிலும் வடியாமல் முகமும் கைவிரலும் வீங்கினால், கூடவே விடாத தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி வந்தால், அல்லது இரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டால், அது வேறு கதை. உடனே 108-ஐ அழையுங்கள் அல்லது ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போங்கள். இரத்தப்போக்கும், நீர் உடைந்து கசிவதும் அதே பட்டியலில்தான்.

கடையில் நாள் முழுக்க நிற்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்கள் உட்கார வசதி செய்துதர வேண்டும் என்று 2021-இல் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. கர்ப்பிணிகளுக்கு மட்டுமான சலுகை இல்லை, எல்லா ஊழியர்களுக்கும் உள்ள உரிமை. முதலாளியிடம் ஒரு நாற்காலி கேளுங்கள், கூடவே காலைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு முக்காலியும்.