விளையாட்டு மேலாண்மை படித்தால் யார் வேலை தருவார்கள்?

கேள்வி: மதுரையில் பி.காம். இறுதியாண்டு படிக்கிறேன். கல்லூரிக் கபடி அணியில் ஆடுகிறேன். மாநில அணிவரை செல்லவில்லை. விளையாட்டு மேலாண்மையில் எம்.பி.ஏ. சேர விரும்புகிறேன். "பி.டி. வாத்தியார் ஆவதற்கு எம்.பி.ஏ. எதற்கு?" என்கிறார் அப்பா. இந்தப் படிப்புக்கு உண்மையில் என்ன வேலை இருக்கிறது?

பதில்: உங்கள் தந்தைக்கு உள்ள குழப்பம் பலருக்கும் உண்டு. உடற்கல்வி ஆசிரியர் பணிக்கு பி.பி.எட். போன்ற பட்டமும், பயிற்சியாளர் பணிக்குப் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயமும் பொதுவாகக் கேட்கப்படுகின்றன. மேலாண்மைப் பட்டம் இவ்விரண்டுக்கும் மாற்றாகாது. அரசு வேலைகளில் உள்ள விளையாட்டு ஒதுக்கீடும் களத்தில் ஆடிப் பெற்ற சான்றிதழுக்கு உரியதே அன்றி, இப்படிப்புக்கு உரியதன்று.

விளையாட்டைச் சுற்றி நடக்கும் வணிகத்துக்கும் நிர்வாகத்துக்கும் ஆள் தேவைப்படுவதால் பிறந்த படிப்பு இது. 2008இல் ஐ.பி.எல்., 2014இல் புரோ கபடி, 2016இல் டி.என்.பி.எல். என்று தொடர்கள் பெருகியபின் அணி நிர்வாகம் தனித் தொழிலாகவே ஆகிவிட்டது. ஆனால் போட்டி நடக்கும் சில மாதங்களில் ஏராளமானோரை அமர்த்தும் அணிகள், மற்ற மாதங்களில் ஒரு சிறு குழுவை மட்டுமே வைத்துக்கொள்கின்றன. அந்தச் சிறு குழுவில் இடம்பெறும் வழியைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

என் கணிப்பில், அதற்கு மிக உறுதியான வழி ஸ்பான்சர் பிடிக்கும் பணி. ஐ.பி.எல். போட்டிகளின் 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டதால், அதில் கிடைக்கும் பங்கை நம்பியே அந்த அணிகள் நடக்க முடியும். கபடி, கைப்பந்து போன்ற சிறிய தொடர்களின் அணிகளுக்கு அந்த வசதி இல்லை. சீருடையில் எந்த இடத்தை எந்த நிறுவனத்துக்கு விற்பது, வீரர்களை விளம்பர நிகழ்ச்சிக்கு எத்தனை மணி நேரம் அனுப்புவது, தொடர் முடிந்தபின் கொடுத்த பணத்துக்கு என்ன கிடைத்தது என்று எப்படிக் கணக்குக் காட்டுவது என்பவற்றைத் தெரிந்தவரை அணிகள் எளிதில் விடுவதில்லை. இதில் ஆபத்தும் உண்டு. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் இயற்றித் தடை விதித்தவுடன், அத்தகைய விளையாட்டை நடத்திவந்த ட்ரீம்11 நிறுவனம் இந்திய கிரிக்கெட் அணியின் சீருடை ஸ்பான்சர் இடத்திலிருந்து விலகியது. ஒரே வகை நிறுவனங்களை நம்பியிருந்தவர்கள் புதிய ஸ்பான்சரைத் தேடி அலைய நேர்ந்தது.

உங்கள் பி.காம். பட்டமும் வீணாகாது. வீரர் ஒப்பந்தம், வருமான வரிப் பிடித்தம், ஜி.எஸ்.டி., டிக்கெட் வசூல் ஆகியவற்றைக் கவனிக்க ஒவ்வோர் அணிக்கும் ஆள் வேண்டும். 2025ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் சம்மேளனங்களின் நிர்வாகத்துக்கு விதிமுறைகளை வகுத்திருப்பதால், கணக்கும் சட்டமும் அறிந்தவர்களை அவையும் இனித் தேடும் என்று எதிர்பார்க்கிறேன்.

அடுத்தது போட்டி நடத்தும் பணி. 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட், 2024இல் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டி, 2025 இறுதியில் சென்னையிலும் உங்கள் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி என்று தமிழகத்திலேயே வாய்ப்புகள் வந்துள்ளன. 2030இல் காமன்வெல்த் போட்டிகள் அகமதாபாத்தில் நடக்க இருக்கின்றன. தங்குமிடம், வாகனம், அடையாள அட்டை, அரங்கப் பொறுப்பு என்று வேலை பிரியும். பெரும்பாலும் தற்காலிக ஒப்பந்தம்தான். எனினும், நெருக்கடியில் பதறாமல் வேலை செய்தவரின் பெயர் அடுத்த போட்டிக்கான பட்டியலில் தானாகவே வந்துவிடும்.

வீரர்களின் முகவராவதை முதல் வேலையாக எண்ண வேண்டாம். கால்பந்தில் ஃபிஃபா தேர்வெழுதி உரிமம் பெற வேண்டும்; மற்ற ஆட்டங்களில் வீரர்களின் நம்பிக்கையைப் பெறவே பல ஆண்டுகள் ஆகும். நிறுவனச் சட்டம் 2013இன்படி நிறுவனங்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியை விளையாட்டுப் பயிற்சிக்கும் செலவிடலாம் என்பதால், வீரர்களுக்கு உதவும் ஒலிம்பிக் கோல்ட் குவெஸ்ட் போன்ற அறக்கட்டளைகளிலும் சில இடங்கள் உண்டு.

சென்னை அருகே மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தை முதலில் விசாரியுங்கள். பல லட்சம் கட்டணம் கேட்கும் தனியார் நிறுவனமானால், விளம்பரத்தில் உள்ள கிரிக்கெட் வீரரின் படத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், இரண்டு ஆண்டுகளுக்கு முன் படித்து முடித்தவர்கள் இன்று எந்த நிறுவனத்தில் என்ன பொறுப்பில் இருக்கிறார்கள் என்று கேட்டு, அவர்களில் இருவரிடமாவது பேசுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், சந்தைப்படுத்தலில் வழக்கமான எம்.பி.ஏ. சேர்ந்து, விடுமுறைகளில் ஏதேனும் ஓர் அணியிலோ தொடரிலோ பயிற்சி பெறுவதே மேல்.