பிரேக் இல்லாத டிரெய்லரை மலைக்கு ஏற்றலாமா?

கேள்வி: நீலகிரியில் நெடுகுளா பக்கம் கேரட், முட்டைக்கோஸ் போடுகிறோம். மேட்டுப்பாளையத்துக்காரர் ஒருவர் தன் பழைய இரண்டு சக்கர டிராக்டர் டிரெய்லரை விற்கிறார். டயர் புதிதுபோல் இருக்கிறது, பெயின்டும் அடித்திருக்கிறார். பிரேக் மட்டும் கிடையாது. "டிராக்டர் பிரேக்கே போதும், நாங்க இத்தனை வருஷம் அப்படித்தானே ஓட்டினோம்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர் ஓட்டியது சமவெளியில், வாழைத்தார் ஏற்றிக்கொண்டு. உங்கள் ஊரில் தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு வருவதற்குள்ளேயே இரண்டு இறக்கம் இருக்கும். இறக்கத்தில் இரண்டு டன் கேரட் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும். நீங்கள் பிரேக்கை மிதித்தால் டிராக்டர் நிற்கப் பார்க்கும், டிரெய்லர் நிற்காது. கொக்கியில் மடங்கி, டிராக்டரின் பின்பக்கத்தை ஓரமாகத் தள்ளிவிடும். மழை பெய்த சிவப்பு மண்ணில் இது நடக்க வேகமே தேவையில்லை.

அதனால் பிரேக் வைத்த ஆக்சில் மாற்ற என்ன செலவாகும் என்று பட்டறையில் கேட்டு, அதை விலையில் கழித்துப் பேசுங்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள். ஓவர்ரன் பிரேக் மலிவு. டிரெய்லர் முன்னால் தள்ளும்போது தானாகப் பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் வண்டி தள்ளிக்கொண்டே இருக்குமே, அதனால் பிரேக்கும் விடாமல் பிடித்து, சக்கரத்தில் உள்ள பிரேக் டிரம் சூடேறிவிடும். என் ஓட்டு, பெடலை மிதித்தால் எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்குத்தான். உங்கள் டிராக்டரின் பின்பக்கம் டிரெய்லர் பிரேக் ஹோஸ் மாட்ட இணைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் அந்த "புதுசு போல" டயர். பக்கச் சுவரில் ஒரு சிறு கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரித்தது. டிரெய்லர் வருஷத்தில் பாதி நாள் வெயிலில் சும்மா நிற்கும். பட்டன் (ரோட்டில் படும் மேல்கட்டை) தேயாது, ரப்பர் மட்டும் கிழடாகும். ரிம் ஓரமாகக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அந்த டயருக்கு விலையே போடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஆக்சில் வளைந்திருக்கலாம்.

புது பெயின்ட் என்றாலே எனக்குச் சந்தேகம்தான். இழுவைக் கம்பி சட்டத்தோடு சேரும் வெல்டிங் இடத்தை நாணயத்தால் சுரண்டிப் பாருங்கள். வெடிப்பை மறைக்கத்தான் பாதிப்பேர் அங்கே தடிமனாக அடிப்பார்கள். கொக்கி வளையம் வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசியாக ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தாலோ, சுற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் பேரிங் போயிருக்கலாம்.

டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. உண்டு. அது இல்லாமல் கைமாற்ற வேண்டாம்.

கேள்வி: இறக்கத்தில் டிரம் சூடாகிப் புகை வாடை வருகிறது. நிறுத்தித் தண்ணீர் ஊற்றுகிறோம். சரியா? (குன்னூர்)

பதில்: வேண்டாம். கொதிக்கிற இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் டிரம்மில் விரிசல் விழலாம். ஓரம் கட்டி, கட்டை போட்டு, தானாக ஆற விடுங்கள். வாடை வந்தாலே கியர் தவறு என்று அர்த்தம். ஏறும்போது எந்த கியர் போட்டீர்களோ அதிலேயே இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன், வயிறு கலங்குகிறது.

இன்னொன்று. டிராக்டரில் இடது, வலது என்று இரண்டு பிரேக் பெடல் உண்டு. தோட்டத்தில் திருப்ப வசதியாக இரண்டையும் இணைக்கும் பூட்டைக் கழற்றிவிட்டு, ரோட்டுக்கு வந்ததும் சேர்த்துப் பூட்ட மறந்துவிடுகிறோம். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் டிராக்டர் அந்தப் பக்கமே திரும்பும். அது பள்ளத்தாக்குப் பக்கமாக இருந்தால்?

கேள்வி: ரீட்ரெட் டயர் (பழைய டயரில் புது ரப்பர் ஒட்டியது) டிரெய்லருக்குப் போடலாமா?

பதில்: பழைய டயரின் உடம்பு நன்றாக இருந்தால் போடலாம். ஒரே ஆக்சிலில் ஒன்று புதிது, ஒன்று ரீட்ரெட் என்று மட்டும் வேண்டாம், உயரம் மாறும். டிராக்டரின் முன் சக்கரத்துக்கு நான் போட மாட்டேன்.

கேள்வி: கொக்கி பின் தொலைந்தது. தடிமனான போல்ட் ஒன்று கச்சிதமாகப் பொருந்துகிறது. போதாதா?

பதில்: போதாது. கடையில் கேட்டு அதே அளவு பின் வாங்குங்கள், பூட்டுக் கிளிப்போடு. இரண்டு பாதுகாப்புச் சங்கிலியும் கேளுங்கள். இழுவைக் கம்பிக்குக் கீழே குறுக்காகக் கட்ட வேண்டும். பின் முறிந்தாலும் கம்பி ரோட்டில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும்.

கேள்வி: புது ஹப் பேரிங் ஒரு மாதத்தில் போய்விட்டது. கடைக்காரர் "நீங்க கிரீஸ் வைக்கல" என்கிறார். பில் வாங்கவில்லை. (ஊட்டி)

பதில்: எனக்கும் ஒருமுறை இதே கதை. அட்டைப்பெட்டி பளபளவென்று இருந்தது, உள்ளே போலி. பில் இல்லாததால் வாயை மூடிக்கொண்டு வந்தேன். உங்களுக்கு இன்னும் வழி இருக்கலாம். ஜி-பே செய்திருந்தால் அந்த ரசீது, கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப், பழைய பேரிங், பெட்டி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பேரிங்கைக் கழுவ வேண்டாம், கிரீஸ் இருந்ததற்கு அதுவே சாட்சி. முதலில் எழுத்தில் கேளுங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. சொந்தப் பிழைப்புக்காக வாங்கிய விவசாயியும் நுகர்வோர்தான், "தொழிலுக்கு வாங்கினது" என்று யாராவது தட்டிக்கழித்தால் இதைச் சொல்லுங்கள்.