அப்பாவின் நீள நோட்டு

கேள்வி: உங்கள் அப்பா விட்டுச் சென்றவற்றில் நீங்கள் இன்றும் பத்திரமாக வைத்திருப்பது எது?

ஒரு நீள நோட்டு. சமையலறை அலமாரியில் பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. திறந்தால் இன்றைக்கும் டீசல் வாசம்தான்.

அப்பா சங்ககிரியில் டீசல் மெக்கானிக். லாரி ஓட்டுபவர், லாரி வைத்திருப்பவர், லாரிக்குத் தவணை கட்டுபவர் என்று யாராவது ஒருவர் இல்லாத வீடு எங்கள் ஊரில் குறைவு. அதனால் பட்டறையில் வேலைக்குப் பஞ்சமில்லை, கைக்குப் பணம் வருவதில்தான் பஞ்சம். ஏழாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தவர். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், ஆனால் எழுதாமல் விடமாட்டார். ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "டாடா கம்மின்ஸ் டாப்பெட். இன்லெட் 10, எக்ஸாஸ்ட் 20. ஆர்டர் 1-5-3-6-2-4. பாப்பா காய்ச்சல் 102. டாக்டர் 60 ரூ. தம்பி ஷூ." இன்ஜின் வால்வு இடைவெளி, சிலிண்டர்கள் எரியும் வரிசை, வீட்டுச் செலவு எல்லாம் ஒரே பேனா, ஒரே பக்கம்.

2009-இல் ஒரு ராத்திரி, குமாரபாளையம் பைபாஸில் மஞ்சள் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று நின்றுவிட்டது என்று போன். அன்றைக்குத்தான் என்னைப் பொருட்காட்சிக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார். நான் அழுததைப் பார்த்து, "சரி, நீயும் வா கண்ணு" என்று டிவிஎஸ் வண்டியில் முன்னால் நிற்க வைத்துக் கிளம்பிவிட்டார். அம்மா திட்டியது தெரு முனை வரை கேட்டது.

டேங்க் காலியாகும் வரை ஓட்டியதால் லைனில் காற்று ஏறியிருக்கிறது. ஏர் லாக். டார்ச் என் கையில். அப்பா ஃபில்டர் மேல் இருந்த திருகைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, கைபம்பை அமுக்க ஆரம்பித்தார். திருகின் ஓரத்தில் சோப்பு நுரை மாதிரி புஸ்புஸ்ஸென்று வந்தது. "நுரை நின்னா சொல்லு." நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நுரை குறைந்து, ஒன்றிரண்டு குமிழிகளாகி, கடைசியில் தெளிந்த டீசல் மட்டும் வழிந்தது. "நின்னுருச்சுப்பா!" திருகை இறுக்கினார். அப்புறம் ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் கொண்டுபோகும் நாசில் பைப் நட்டுகளைத் தளர்த்தி, செல்ஃப் அடிக்கச் சொல்லி, அங்கேயும் காற்றை எடுத்தார். வண்டி ஸ்டார்ட் ஆனதும் டிரைவரிடம், "பாப்பாதான் பண்ணுச்சு" என்றார். டிரைவர் எனக்கு 10 ரூபாய் கொடுத்தார். பொருட்காட்சிக்கு நாங்கள் போகவே இல்லை, அது வேறு விஷயம்.

வீட்டில் அவரோடு இருப்பது அவ்வளவு சுலபமில்லை. முப்பது வருஷம் இன்ஜின் பக்கத்திலேயே நின்று காது மந்தமாகிவிட்டது. சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுகிற மாதிரி இருக்கும். என் கல்யாணத்தன்று காலையில் மரத்தூளும் சோப்புத்தூளும் போட்டு அரை மணி நேரம் கை தேய்த்தார். நகக்கண் கறுப்பு போகவில்லை. போட்டோவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

காமன் ரெயில் வண்டிகள், அதாவது எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை அதிக அழுத்தத்தில் வைத்து அனுப்பும் வண்டிகள், வந்தபோதுதான் அவர் தடுமாறியதைப் பார்த்தேன். பழைய இன்ஜினில் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று சந்தேகம் வந்தால், ஓடும்போதே நாசில் பைப்பை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ, அதில்தான் கோளாறு. காமன் ரெயிலில் அதே வேலையைச் செய்தால் ஆபத்து. உள்ளே 1,500 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அப்போது நான் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். வண்டியின் கம்ப்யூட்டர் காட்டும் கோளாறு எண்களை அவர் போனில் அனுப்புவார், அவற்றை நெட்டில் தேடி, தமிழில் சொல்வது என் வேலை. அப்படித் தேடும்போது இதைப் படித்து, பயந்துபோய் ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டேன்.

"முப்பது வருஷமா பண்றேன் கண்ணு" என்றார்.

"இது வேற வண்டிப்பா. கை போயிரும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி" என்று வைத்துவிட்டார். கேட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது, நானும் திரும்பக் கேட்கவில்லை.

2022-இல் அப்பா போனபிறகுதான் நோட்டை முழுதாகப் புரட்டினேன். பாதிக்கு மேல் ஒரு பக்கத்தில், இரண்டு தடவை அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார்: "காமன் ரெயில் ஓடும்போது பைப் கழட்டக் கூடாது. பாப்பா சொன்னது."

அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து பக்கம் வாகன நம்பர்கள். மீதி இருக்கும் வெற்றுப் பக்கங்களில் அம்மா இப்போது பால் கணக்கு எழுதுகிறார்.