நபி நம்மைப் போன்ற மனிதர்தான் என்றால், அவருக்கு ஏன் இத்தனை உயர்வு?

குர்ஆனின் கஹ்ஃபு அத்தியாயத்தின் கடைசி வசனம் (18:110) உங்கள் கேள்வியின் இரண்டு பாதிக்கும் சேர்த்தே பதில் சொல்கிறது: "நான் உங்களைப் போன்ற மனிதன்தான், உங்கள் இறைவன் ஒரே இறைவன்தான் என்று எனக்கு வஹீ (இறைச்செய்தி) அறிவிக்கப்படுகிறது." சிலர் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டு, 'அப்போ அவரும் நாமும் ஒன்றுதானே' என்கிறார்கள். சிலருக்கு அவரை மனிதர் என்று சொல்வதே மரியாதைக் குறைவாகப் படுகிறது. வசனத்தை நடுவில் வெட்டுவதால் வரும் வினை இது.

"இவர் என்ன தூதர், சாப்பிடுகிறார், கடைவீதியில் நடக்கிறாரே!" என்பதுதான் மக்காவாசிகளின் ஆட்சேபம் (25:7). குர்ஆன் அதை மறுக்கவே இல்லை. முன்பு வந்த தூதர்கள் எல்லோரும் அப்படித்தான் என்றது (25:20). பூமியில் நடமாடுவது வானவர்களாக இருந்திருந்தால் வானவரையே தூதராக அனுப்பியிருப்போம் என்று காரணமும் சொன்னது (17:95). பசியே தெரியாத ஒருவர் நோன்பு வைத்துக் காட்டினால் அதில் நமக்கு என்ன முன்மாதிரி?

நபிமொழித் தொகுப்பான புகாரியில் வரும் ஒரு நிகழ்ச்சியைச் சற்று நிதானமாகப் பாருங்கள். நான்கு ரக்அத் (சுற்று) கொண்ட தொழுகையில் நபி (ஸல்) இரண்டிலேயே ஸலாம் கொடுத்து முடித்துவிட்டார்கள். பிறகு பள்ளியில் கிடந்த ஒரு மரக்கட்டையில் சாய்ந்து நின்றார்கள். கூட்டத்தில் நெருங்கிய தோழர்களான அபூபக்ரும் உமரும் இருந்தும், பேசத் தயங்கினார்கள். துல்யதைன் என்ற தோழர்தான் கேட்டார்: "மறந்துவிட்டீர்களா, இல்லை தொழுகை குறைக்கப்பட்டுவிட்டதா?" மற்றவர்களிடம் விசாரித்து உறுதி செய்துகொண்டு, விடுபட்ட இரண்டு ரக்அத்தைத் தொழுது, ஸலாம் கொடுத்து, பிறகு இரண்டு ஸஜ்தா (நெற்றி தரையில் பட வணங்குதல்) செய்தார்கள். மறதி, மனித இயல்பு. அபூபக்ருக்கே வாய் வராதது, அந்தஸ்து. இரண்டும் ஒரே காட்சியில் இருக்கின்றன. இன்று தொழுகையில் நமக்கு மறதி வந்தால் செய்யும் ஸஜ்தா ஸஹ்வுக்கு இந்த நிகழ்ச்சியும் ஓர் ஆதாரம். நபியின் மறதி திருத்தப்படாமல் போகாது. அதுவே மார்க்கச் சட்டமாகிவிடும்.

இங்கேதான் 'இஸ்மத்', அதாவது பாவத்திலிருந்து பாதுகாப்பு, என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். வஹீயை எடுத்துச் சொல்வதில் நபிமார்களுக்குத் தவறு நேராது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. சிறு சறுக்கல்கள் நேருமா என்பதில் உண்டு. நேரலாம் என்பவர்களும், அதில் அவர்கள் நிலைத்திருக்க விடப்படுவதில்லை என்கிறார்கள். பார்வையற்ற தோழரிடம் முகம் சுளித்ததைக் கண்டித்து வந்த 'அபஸ' அத்தியாயத்தை மக்களுக்கு ஓதிக் காட்டியதும் நபிதான்.

பலர் தடுமாறும் இடம், மதீனாவின் பேரீச்சை விஷயம். ஆண் மரத்துப் பூவைப் பெண் மரத்தில் வைத்து மகரந்தம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இதனால் பயன் இருக்கும் என்று தோன்றவில்லை என்றார்கள் நபி. மக்கள் விட்டுவிட்டார்கள், காய்ப்புக் குறைந்தது. "உங்கள் உலக விஷயம் உங்களுக்கே நன்றாகத் தெரியும்" என்றார்கள் (முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பு). இதை வைத்து ஹதீஸ்களையே (நபிமொழிகளையே) ஒதுக்குவது பெரிய பிழை. மார்க்கமாக நான் ஏவினால் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதும் அதே செய்தியின் ஓர் அறிவிப்பில் இருக்கிறது.

உயர்வுக்கு வருவோம். தூதருக்குக் கீழ்ப்படிந்தவர் அல்லாஹ்வுக்கே கீழ்ப்படிந்தவர் (4:80). அவர் குரலுக்கு மேல் குரல் உயர்த்தினால் அமல்களே (நற்செயல்களே) அழிந்துபோகலாம் (49:2). ஆனாலும், தனக்கே நன்மையோ தீமையோ செய்துகொள்ள அதிகாரமில்லை, மறைவானதை அறிய மாட்டேன் என்று சொல்லும்படி அவருக்குக் கட்டளை (7:188). அல்லாஹ்வுக்கே உரியதை நபிக்குக் கொடுக்கும்போதுதான் புகழ் எல்லை மீறுகிறது. மற்றபடி எவ்வளவு நேசித்தாலும் தகும். ஒரே இரவில் ஜெருசலேமின் அக்ஸா பள்ளிக்கு அழைத்துச் சென்ற அந்த உச்சத்தைச் சொல்லும் வசனத்தில்கூட (17:1) அல்லாஹ் அவரைக் குறிக்கும் சொல் 'தன் அடியார்' என்பதே.

குழந்தை இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. நபியின் மகனுக்காகத்தான் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். மகனுக்காகக் கண்ணீர் விட்ட அந்தத் தந்தை, சூரியனும் சந்திரனும் எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்தார்கள்.